படிகம் சிவக்கவில்லை

சொட்டு அக்கா என்றால்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பத்தொன்பது வருஷமாகப் புரதக் கரைசலைக் கண்ணாடித் தட்டில் சொட்டுச் சொட்டாக வைத்துப் படிகம் வளர்ப்பவள். பெரிய படிப்பு கிடையாது. ஆனால் அவள் வைத்த சொட்டில் படிகம் வளரும், பட்டம் வாங்கியவர்கள் வைத்ததில் பூசணம்தான் வளரும். எக்ஸ்ரே இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற நான் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தடவை மரத்தை அரிக்கும் ஒரு பூஞ்சையின் நொதி. நம் ரத்தத்தில் இருப்பதுபோலவே இதன் நடுவிலும் இரும்பு வைத்த ஹீம் உண்டு. படிகம் பழுப்பாக இருக்கும். மரத்திலிருந்து வரும் ஒரு மூலக்கூறு அந்த ஹீமுக்குப் பக்கத்தில் எப்படி உட்காருகிறது என்று படம் எடுத்துக் காட்ட வேண்டும். படிகத்தை அந்த மூலக்கூறும், பனிக்கட்டி கட்டாமல் இருக்கக் கிளிசரினும் கலந்த கரைசலில் ஊறவைத்து, உறையவைத்து என் இயந்திரத்தில் வைத்தோம். படத்தில், ஹீமை ஒட்டிய குழியில் ஏதோ உட்கார்ந்திருப்பதுபோல ஒரு திட்டு தெரிந்தது. ஆய்வுக்கூடத் தலைவர் அதில் மூலக்கூறைப் பொருத்திவிட்டு, "உட்கார்ந்துடுச்சு!" என்று குதித்தார். கட்டுரையில் அக்காவின் பெயரையும் சேர்ப்பதாகச் சொன்னார். பத்தொன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அவள் வீட்டுக்காரர் அன்றே தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார்.

அக்கா மட்டும் படத்தை முறைத்துக்கொண்டு நின்றாள்.

"அது நம்ம ஆளு இல்ல சார். கிளிசரின்."

"என்னம்மா உளறுறீங்க?"

"சோதனைக் குழாய்ல நொதியோட நம்ம ஆளைக் கலந்தப்ப செக்கச்செவேல்னு ஆச்சுல்ல? தட்டுல ஆகலையே. கடைசி வரைக்கும் பழுப்புதான். நான்தானே கண்கொட்டாம பார்த்துட்டிருந்தேன்."

"கண்ணால பார்த்ததையெல்லாம் ஆதாரம்னு எழுத முடியுமா? வெள்ளிக்கிழமை அனுப்பியாகணும்."

"அப்ப என் பேரை எடுத்துடுங்க."

"உங்க இஷ்டம்" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அக்கா பின்னாலேயே ஓடினேன்.

"ஏன்க்கா, கைக்கு எட்டினதை வாய்க்கு எட்டாம பண்ணிக்கிற?"

"பொய்க்குக் கீழ என் பேர் எதுக்குடா? நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சுச் சிரிச்சா, என் புருஷன் அதே தெருவுலதானே நடக்கணும்?"

மறுநாள் தலைவர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். மூலக்கூறே படாத ஒரு படிகத்தைக் கிளிசரினில் மட்டும் முக்கி என்னிடம் நீட்டினாள். கேட்காமல் இயந்திரத்தை ஓட்டினால் என் வேலைக்கே உலை. போனால் போகட்டும் போ என்று வைத்தேன். அதே குழி, அதே திட்டு! படத்தை அச்சடித்துத் தலைவர் அறைக் கதவில் ஒட்டினாள், நாலு மூலையிலும் டேப் போட்டு.

அவர் வந்து நாலு டேப்பையும் பிரித்து, படத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை எதுவும் போகவில்லை.

அப்புறம் அக்கா, குழியை அடைத்துக்கொண்ட கிளிசரினையே தூக்கிப் போட்டுவிட்டுச் சர்க்கரைப் பாகுக்கு மாறினாள். மூன்று வாரத்தில் நாற்பது படிகம் விரிசல் விட்டது. "மூளைக்கும் விரிசல்தான்" என்று சிலர் கிண்டல் செய்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்பத்தொன்றாவது படிகம் நுண்ணோக்கியின் கீழே சிவந்தது. "வாங்கடா, சிரிச்சவனெல்லாம் வந்து பாருங்கடா!" என்று அவள் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. படத்தில் அந்த மூலக்கூறு, தலைவர் பொருத்தியதற்கு நேர் தலைகீழாக உட்கார்ந்திருந்தது.

புதுக் கட்டுரையை அவரே கொண்டுவந்து நீட்டினார். "உங்க பேர் சரியா இருக்கான்னு பாருங்கம்மா."

பெயர் நாலாவதாக இருந்தது. அக்கா அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவையே கேட்டு வாங்கினாள். நாலாவதாக இருந்த தன் பெயரை அடித்துவிட்டு, எல்லோருக்கும் மேலே, முதல் ஆளாக எழுதினாள்.

"இப்ப சரியா இருக்கு சார்."