டேப்பின் கடைசியில் ஒரு பெண் குரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிற ஆள் நான். பயத்தினால் இல்லை, அலுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், செபமாலை சொல்வேன், அதற்கு மேல் எதையும் நம்பியதில்லை. நீங்கள் இதைப் படித்துவிட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை. எதிரில் உட்கார்ந்து சொல்லத்தான் எனக்குத் தைரியம் கிடையாது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், நாலு பேர் கூடினால் பேச்சே வராது. வீட்டில் ஆர்டருக்குக் கேக் செய்து கொடுக்கிறேன். மனிதர்களோடு பேசாத பேச்சையெல்லாம் அடுப்பில் வைத்ததோடு பேசுவேன். "பயப்படாதே, கருக விடமாட்டேன்" என்று ஒவ்வொரு கேக்கிடமும் சொல்வது என் வழக்கம். வீட்டில் இதற்காக என்னைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை.

என் வீட்டுக்காரர் எட்வின் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செகந்திராபாத் மாரெட்பள்ளியில் இருக்கிறோம். அவர் இருபது வயதில் ஒரு ராக் பாண்டில் பேஸ் கிட்டார் வாசித்தார் என்றால் இப்போது பார்க்கிற யாரும் நம்பமாட்டார்கள். நான்கு பேர், எல்லோரும் செகந்திராபாத் தமிழ்ப் பையன்கள், பாட்டு மட்டும் இங்கிலீஷ். பாடினவர் ரெஜி, இவருடைய உயிர்த் தோழர். ஸ்டுடியோவுக்கு வசதி இல்லாததால் போலாரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஒரு மாதா கோயில் ஹாலில், ஜன்னல்களுக்கு மெத்தையை அடைத்து, கடன் வாங்கின ஸ்பூல் டேப் மிஷினில் ஒரு ஆல்பம் பதிவு செய்தார்கள். ரயில் வரும்போதெல்லாம் நிறுத்த வேண்டியிருக்கும். கடைசிப் பாட்டில் மட்டும் லோக்கல் ரயில் வந்தும் ரெஜி நிறுத்தவில்லை, அதையும் சேர்த்தே பாடி முடித்தார். அதனால் ஆல்பத்துக்கே 'போலாரம் லோக்கல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேசட் போட்டு, கல்லூரி விழாக்களில் விற்றார்கள். அந்த வருடமே ரெஜி ஸ்கூட்டர் விபத்தில் போய்விட்டார். பாண்டும் அதோடு முடிந்தது. அப்போது நான் அல்வாலில் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பெரியவளாகி, எட்வின் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, காபி எடுத்துக்கோங்க என்று நான் சொன்னதை அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அதையும் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். கேட்கவில்லை போலிருக்கிறது என்று என் அப்பா கவலைப்பட்டார். அப்போது அவர் காது நன்றாகத்தான் இருந்தது. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்ற பலன் ஐம்பதுக்கு மேல்தான் தெரிய ஆரம்பித்தது. இப்போது காது மிஷின் மாட்டினாலும் பாதிதான் விழுகிறது, அந்தப் பாதியும் அதிக நாள் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஆல்பத்தை நான் கேட்டதே இல்லை. ரெஜி போனதும் வீட்டிலிருந்த கேசட்டையெல்லாம் இவர் யாருக்கோ கொடுத்துவிட்டார். ஹாலில் பதிவு செய்த அசல் மாஸ்டர் டேப் மட்டும் பீரோவுக்கு மேல், பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது.

போன வருடம் பிரபு என்ற பையன் தேடி வந்தான். கோயம்புத்தூர்க்காரன், இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பழைய ராக் ஆல்பங்கள் மேல் பைத்தியம். எங்கோ கிடந்த ஒரு கேசட்டை யாரோ நெட்டில் ஏற்றியதில், வெளிநாட்டில்கூட அதற்கு ரசிகர்கள் இருக்கிறார்களாம், திரும்ப ரெக்கார்டாகப் போட ஒரு கம்பெனி தயாராம். டேப் வேண்டும் என்றான். எடுத்துப் பார்த்தால் சுற்றோடு சுற்று பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. அப்படியே ஓட்டினால் பூச்சு உரிந்துவிடுமாம். மெல்லிய சூட்டில் நாள் முழுக்க வைத்தால் கொஞ்ச காலத்துக்கு இளகும், அதற்குள் ஒரு தடவை ஓட்டி நகல் எடுத்துக்கொள்ள வேண்டும், சூடு கூடினால் போச்சு என்றான். அதற்குச் சரியான பெட்டி ஒன்று என் சமையலறையிலேயே இருந்தது. கேக்குக்காக ஆரஞ்சுத் தோலும் அன்னாசியும் உலர்த்துகிற மின்சார மிஷின்.

இருப்பது ஒரே டேப். வேண்டாங்க, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று எட்வினிடம் சொன்னேன்.

"நக்கோ ஜெசி, வேற யாரும் வேண்டாம், நீயே வை. காது அடைக்கறதுக்குள்ள ரெஜி குரலை ஒரு தடவை கேட்டுடணும், அவ்ளோதான்" என்றார்.

காலையில் மிஷினிலிருந்த தட்டுகளை எடுத்துவிட்டு டேப்பை உள்ளே வைத்தேன். பிரபு சூட்டை அளந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். மத்தியானம் எட்வின் முன்னறையில் தூங்கினார். நான் மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் விசிறி ஓடுகிற சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. மூடியைத் திறந்து, டேப்பைத் தொட்டுப் பார்த்து, மூடினேன். வழக்கம் போல வாய் தானாகச் சொன்னது. கேக் இல்லையே என்று பெயரையும் சேர்த்துக்கொண்டேன். "பயப்படாதே ரெஜி, கருக விடமாட்டேன்." நான் பார்த்தே இராத மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது வெட்கமாக இருந்தது. யாரும் கேட்கவில்லை. அந்த அறையில் எதையும் பதிவு செய்கிற கருவி எதுவும் கிடையாது, என் போன்கூட முன்னறையில் சார்ஜில் இருந்தது. இதை எத்தனை தடவை யோசித்துவிட்டேன் என்று எனக்கே தெரியாது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பிரபு தன் ஸ்பூல் மிஷினைக் காரில் கொண்டுவந்து முன்னறையில் வைத்தான். டேப்பில் ஆரஞ்சு வாசனை அடித்தது. எட்வின் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரெஜி பாடினார். எனக்கு அந்தச் சங்கீதம் புரியாது, ஆனால் குரல் நல்ல குரல். எட்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கையை ஸ்பீக்கர் மேல் வைத்துக்கொண்டார்.

கடைசிப் பாட்டில் ரயில் வந்து, கடந்து, தேய்ந்தது. பிரபு என் பக்கம் திரும்பினான். "இப்ப ஒரு லேடி வாய்ஸ் வருமுங்க ஆன்ட்டி. எல்லா கேசட்லயும் இருக்கு. இரைச்சல்ல ஒண்ணுமே புரியாது. போலாரம் ஆன்ட்டின்னு பேரே வெச்சுட்டாங்க. ஃபாரின்ல ஒருத்தர் அது லத்தீன்னு சாதிக்கறார்."

மாஸ்டர் டேப்பில் இரைச்சல் இல்லை. ஒரு விசிறி ஓடுகிற சத்தம். மூடி ஒன்று மூடுகிற சத்தம். பிறகு நான். "பயப்படாதே ரெஜி, கருக விடமாட்டேன்."

பிரபு சிரித்தான். யாரோ சமையல்காரம்மா ஹாலுக்குள்ளே வந்துட்டாங்க போல என்றான். அவன் என் குரலை அதிகம் கேட்டதில்லை, அதனால் அவனுக்குத் தெரியவில்லை. எட்வினுக்கு அவ்வளவு மெல்லிய குரல் கேட்காது. கேசட்டுகளில் இதோடு முடிந்துவிடுமாம். டேப் இன்னும் ஓடியது. சற்று நேரம் சும்மா இருந்து, மறுபடி என் குரல் வந்தது. இந்தத் தடவை விசிறிச் சத்தம் இல்லை.

"ரெஜி, அவர் வந்துட்டிருக்கார். ஸ்டேஷன்ல நின்னு கூட்டிட்டுப் போ."

அதற்குப் பதிலாக, அதுவரை பாடிக்கொண்டிருந்த அதே ஆண் குரல், மைக்குக்குப் பக்கத்தில், "சரி அண்ணி" என்றது. டேப் முடிந்து நுனி படபடவென்று அடித்துக்கொண்டது.

முடிஞ்சுதா என்று எட்வின் கேட்டார். தலையாட்டினேன். இரண்டாவது பேச்சு இதுவரை யாரும் கேட்காதது, ரெக்கார்டில் சேர்க்கலாம் என்று பிரபு துள்ளினான். வேண்டாம் தம்பி, வெட்டிவிடு என்றேன். நான் அவனிடம் அவ்வளவு உறுதியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. என்னை ஒரு மாதிரி பார்த்தான், ஆனால் வெட்டிவிட்டான்.

பிறகு ஒரு நாள் எட்வினிடம் அந்தப் பெண் குரலைப் பற்றிக் கேட்டேன். "ஹால் வாட்ச்மேன் சம்சாரம்னு நெனச்சோம். அவனுக்குக் கல்யாணமே ஆகலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அழிச்சுடலாம்னேன். ரெஜிதான், இருக்கட்டும்டா, நம்ம வீட்டு ஆளு மாதிரி பேசுதுன்னான்." பெண் பார்க்க வந்த அன்று ஏன் என்னை இரண்டு தடவை பேச வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

ரெக்கார்ட் வந்துவிட்டது. நன்றாகப் போகிறதாம். ஒரு தடவை லோக்கல் ரயிலில் போலாரம் போய் அந்த ஹாலைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று எட்வின் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆட்டோவில் போகலாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு மறக்காமல் இருப்பது ஒன்றுதான். முதலில் வந்த பேச்சு இன்றைய என் குரல். இரண்டாவதில் என் குரலுக்கு வயதாகியிருந்தது, அடியில் ஒரு கரகரப்பு. எவ்வளவு வயது என்று பிடிபடவில்லை. அதனால் காலையில் மாவைப் பிசைந்துகொண்டு பேசும்போது என் குரலை நானே காது கொடுத்துக் கேட்கிறேன். இன்னும் அது அந்த இரண்டாவது குரலாக ஆகவில்லை. போன வாரம் சளி பிடித்துத் தொண்டை கரகரத்தது. சரியாகும்வரை நான் யாரோடும் பேசவில்லை, அடுப்போடும்.