மஃரிப்புக்குப் பிறகு என்ன தேதி

என் பொண்டாட்டி நாகலெட்சுமி எழுதுவதை மனிதர் யாரும் படிப்பதில்லை. மிஷின்தான் படிக்கிறது. ஊரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் தண்ணீர் லாரி டிரைவர் வேல்ராஜ். பெரியபட்டினம் அப்துல் குத்தூஸ் பாய்தான் முதலாளி. எந்த வீட்டுக்கு எப்போது லோடு என்பதை ஆபீசில் சாலிஹாக்கா கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, எனக்குப் போனில் சொல்வார். இந்த வாரம்தான் போன் வேலையை ஒரு ஏஐ ஏஜென்டிடம் கொடுத்தார்கள். ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை, புரோகிராம். சாலிஹாக்காவின் டேட்டாபேஸைத் திறந்து பார்க்க அதற்கு ஒரு டூல் உண்டு. பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. அந்த டூலை எப்படிப் பயன்படுத்த வேண்டும், எந்தக் கட்டத்தில் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று ஏஜென்டுக்கு விளக்கி எழுதியது நாகு. நயினார்கோவில் பக்கம் மிளகாய்ப் பயிர் போடும் சம்சாரி வீட்டுப் பெண். வாய் கொஞ்சம் நீளம்.

"மனுசன்னா புரியலைன்னு திருப்பிக் கேப்பான். இது நான் எழுதுனத அப்படியே நம்பிரும். அதனால தப்பா எழுதக் கூடாது" என்பாள். தப்பாக எழுத மாட்டேன் என்ற திமிரும் உண்டு.

முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரு வீடு தண்ணியில்லாம நின்னாலும் இதத் தூக்கிக் கடாசிருவேன்மா."

"நிக்காது பாய்" என்றாள்.

வியாழக்கிழமை இருட்டியதும், மறுநாள் காலைக்கான லோடை ஏற்றி லாரியை வாசலில் நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அன்றைக்கு இனி லோடு இல்லை என்று ஏஜென்ட் சொல்லியிருந்தது. அப்போது சாலிஹாக்கா நாகுவுக்குப் போன் செய்தார். மறுநாள் அவர் மகள் யும்னாவுக்கு நிக்காஹ்.

"நாகு, லாரி எங்கன நிக்குது? அண்டாவெல்லாம் காஞ்சு கெடக்கு. எறச்சி வந்து எறங்கிருச்சு, அலசச் சொட்டுத் தண்ணி இல்ல. யா அல்லா, என் மானம் போகுதே!"

"ஒங்க லோடு நாளைக்கில்லக்கா? வெள்ளிக்கிழம தேதில்ல போட்டிருக்கீக."

"மஃரிப் தொழுதாச்சே. இப்ப வெள்ளிதானம்மா!"

அப்போதுதான் நாகுவுக்கு உறைத்தது. பொழுது அடைந்து மஃரிப் தொழுகை வந்தால் அவர்களுக்கு அடுத்த நாள் பிறந்துவிடும். அதற்குப் பிறகு போகும் லோடுக்கெல்லாம் சாலிஹாக்கா மறுநாள் தேதியைத்தான் போடுவார். இத்தனை வருஷமும் போனில் "இப்ப கெளம்பு" என்று சொல்லிவிடுவதால் தேதியை நான் பார்த்ததே இல்லை. நாகுவோ, தேதி என்றால் காலண்டர் தேதி என்று எழுதிவைத்திருந்தாள். ஏஜென்ட் வந்த பிறகு இரவு லோடு இதுதான் முதல் தடவை.

"மிஷின நம்புனா இப்படித்தான்" என்று ஆரம்பித்தேன்.

"மிஷின வையாதீங்க. நான் எழுதுனபடிதான் அது பாத்துச்சு. எந்திரிங்க, கையக் கழுவுங்க."

லாரி கிளம்பியது. மடியில் லேப்டாப் குதிக்கக் குதிக்க அவள் தட்டிக்கொண்டே வந்தாள்.

"சாலிஹாக்காவ நம்ம மாதிரியே தேதி போடச் சொல்லிரலாமா? வேலை லேசா முடிஞ்சிருமே" என்றேன்.

முறைத்தாள். "அவுக நாள் எப்பப் பொறக்கணும்னு சொல்ல நீங்க யாரு? மிஷினுக்குத்தான் சொல்லிக் குடுக்கணும்."

இந்த ஆபீசில் மஃரிப்போடு தேதி மாறும், இரவு லோடில் இருக்கும் தேதிக்கு முந்தின நாள் இரவே லாரி போக வேண்டும் என்று விளக்கத்தைத் திருத்தினாள். திரும்பவும் ஏஜென்டைக் கேட்டாள். இந்த ராத்திரிக்கு இரண்டு வீடு என்றது. இன்னொன்று புதுமடத்தில்.

"அங்கேருந்து போனே வரலையே?" என்றேன்.

"வராட்டி என்ன? காத்துக்கிட்டிருப்பாகல்ல."

கல்யாண வீட்டில் குழாயைப் போட்டதும் அண்டாக்கள் நிரம்பின. சாலிஹாக்காவுக்குக் கோபம் ஆறவில்லை. "வேல்ராசு, முழு டேங்கையும் இங்கனயே எறக்கிரு" என்றார்.

"பாதிதான்க்கா" என்று நாகு குறுக்கே வந்தாள். "இன்னொரு வீடு இருக்கு. அங்கன ஊத்திட்டு, அடுத்த லோடோட ஒங்க வாசல்லதான் வந்து நிப்போம்."

"என் மக கல்யாணம் நாகு!"

"தெரியும்க்கா. அதான் மொதல்ல இங்க வந்தோம். அந்த வீடு காஞ்சா, அதுவும் நான் எழுதுனதாலதான."

பாதி டேங்க் ஆனதும் சாலிஹாக்காவே குழாயை எடுத்து என் கையில் கொடுத்தார். "போயிட்டு வெரசா வாங்க. ரெண்டு பேருக்கும் சோறு எடுத்து வைக்கிறேன்."

புதுமடத்தில் ஒரு பெண் பச்சைப்பிள்ளையைத் தோளில் போட்டபடி கதவைத் திறந்தாள். முகத்தில் கோபமே இல்லை. "கரெக்டா வந்துட்டீங்க. இப்பத்தான் கொடத்தையெல்லாம் கழுவி வெச்சேன்" என்றாள்.

அன்றிரவு தண்ணீர் வராமலே போயிருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. நான் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். நாகு என் காலை மிதித்தாள்.

"வராம இருப்போமா?" என்று அந்தப் பெண்ணிடம் சிரித்துவிட்டு, "குழாயப் பிடிங்க" என்றாள் என்னிடம். பெருமை தாங்கவில்லை எனக்கு. குழாயைப் பிடித்தேன்.