கோமதி எடுத்துவைத்த பால்

வெள்ளிக்கிழமை காலை ஊசி அறையில் இருந்தபோது போன் வந்தது. "அக்கா, கோமதி போயிட்டாளுங்க," என்றார் அவர் கணவர் சிவகுமார். கணபதி பகுதியில் லாரி மோதிவிட்டது. சென்னைப் பயிற்சி திங்கட்கிழமைதானே, இன்றைக்கே எப்படிப் போனார் என்று கேட்டேன். அந்த நிமிடம் என் புத்தி அப்படித்தான் இருந்தது.

கோமதி, சரவணம்பட்டியில் நான் நர்ஸாக இருக்கும் மருத்துவமனையின் ஆய்வகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். பெயரும் நேரமும் எழுதி ஒட்டாமல் எதையும் வைக்கமாட்டார். டிபன் பாக்ஸில்கூட ஒட்டியிருப்பார். "உப்பில்லாத சாம்பார யாருங்க திருடப்போறாங்க?" என்று கிண்டல் செய்வோம்.

நான்கு மாதக் கைக்குழந்தையை விட்டு ஐந்து நாள் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றானதும், என்னிடம் வந்து ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டார். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு அந்த ஊசியைப் போட முடியாது. "எனக்குப் போட்டா எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் பாலுல எறங்குமுங்க அக்கா. ரெண்டு வாரம் போவட்டும், அப்புறமா எடுத்து வெக்கிறேன். நான் இல்லாதப்பவும் கண்ணுக்குக் காவல் இருக்கோணும்," என்றார். சொன்னபடியே பாலைச் சின்னப் பைகளில் எடுத்து, வீட்டு ஃப்ரீசரில் உறையவைத்தார்.

எரியூட்டிய மறுநாள், சுடுகாட்டில் பால் தெளிக்கக் கிளம்பினார்கள். கோமதியின் மாமியார் ஃப்ரீசரைத் திறந்து, "செத்தவ பாலு கொழந்தைக்கு ஆகாது. அவளுக்கே ஊத்திப்போடலாம்," என்றார். சிவகுமார் என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் அப்போதே இரண்டு பேர் காய்ச்சலில் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"அது கொழந்தைக்கு வெச்சதுங்கம்மா. அங்க தெளிக்கக் கடைப்பால் போதும்," என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன்.

பால் பைகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கொடுக்கவேண்டிய நாளையும் நேரத்தையும் எழுதியிருந்தார். திங்கள் காலை ஆறு, திங்கள் மாலை ஆறு. தான் இல்லாத நாட்களுக்கு அவரே வேளை குறித்திருந்தார்.

தினமும் அந்த இரண்டு வேளையும் நானே போய்க் கொடுத்தேன், மற்ற வேளைக்கு டப்பாப் பால். வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். குழந்தைக்கு ஒருநாள் உடம்பு சுட்டது, மறுநாள் சரியாகிவிட்டது. இந்தப் பாலால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது எனக்கும் தெரியும். ஆனால் ஆறு மணிக்குச் சற்று முன்னால், எவ்வளவு அழுதுகொண்டிருந்தாலும் குழந்தை சட்டென்று நிறுத்திவிடும். அந்த நேரத்தில் ஃப்ரீசர் இருந்த சமையலறைக்குள் தனியாகப் போக எனக்குப் பயமாக இருந்தது.

கடைசிப் பை, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு உரியது. அதில் கூடுதலாக ஒரு வரி இருந்தது: "இது தீர்றதுக்குள்ள அம்மா வந்துருவேன்."

வெதுவெதுப்பான நீரில் வைத்து, உருகியதும் கொடுத்தேன். போய் வாருங்கள் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. "போங்க கோமதி, கண்ணு நல்லா இருக்குதுங்க," என்று மட்டும் சொன்னேன். குழந்தை குடித்து முடிக்கும்வரை வாசல் பக்கம் நான் திரும்பவே இல்லை.