வைர உருளையும் திட்டக்குடித் தம்பியும்

நான் ஆராய்ச்சி செய்யும் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில், ஃபிரிட்ஜில் வைக்கும் பால் டப்பாவில்கூடப் பெயர் எழுதி வைக்கிறார்கள். அரை டப்பா பாலுக்கு இவ்வளவு காவலா என்று வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு தாங்காது. விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு மாவுப் பாத்திரத்தையே பக்கத்து வீட்டார் கேட்காமல் எடுத்துப் போவார்கள். இப்போது சிரிப்பு வருவதில்லை.

மகள் விமானம் பற்றி ஆராய்கிறாள் என்று அம்மா ஊரில் சொல்லிக்கொள்கிறாள். உண்மையில் நான் கட்டிக்கொண்டு அழுவது ஒரு சாணைச் சக்கரத்தை. விமான இன்ஜினின் டர்பைன் இறகுகளைத் துல்லியமாகத் தேய்க்கும் சக்கரம் அது. தேய்க்கத் தேய்க்க மழுங்கிவிடும். வைரத்துகள் பதித்த உருளையைச் சுழலவிட்டு, சக்கரத்தின் மேற்பரப்பைச் சீவி மறுபடி கூராக்க வேண்டும். அதற்கு டிரஸ்ஸிங் என்று பெயர். உருளை ஒரே வேகத்தில் சுழன்றால் சக்கரத்தில் நுண்ணிய வரிகள் விழுந்து, இறகிலும் பதியும். வேகத்தைச் சற்றே ஏற்றி இறக்கினால் வரி விழாது என்பது என் யோசனை. என் முனைவர் பட்டத்துக்கு இருந்த ஒரே புதுமை அதுதான். மூன்று வருஷம் அதற்காகவே உழைத்தேன்.

செந்தில் எனக்குப் பின்னால் அதே ஆய்வகத்தில் சேர்ந்தான். "அக்கா, விருத்தாசலமா நீங்க? எங்க வூடு திட்டக்குடிங்க" என்றான். அதற்கே நான் கவிழ்ந்துவிட்டேன். ஞாயிறுதோறும் கருவாட்டுக் குழம்பு வைத்து அவனைக் கூப்பிட்டேன். குழம்போடு சேர்த்து, செய்தது, செய்யப்போவது, பிசகியது எல்லாவற்றையும் பரிமாறினேன்.

என் புத்தி அப்படி வளர்ந்தது. அப்பாவின் சிறிய பீங்கான் பட்டறைக்குச் சொந்தச் சூளை கிடையாது. எங்களைப் போன்றவர்களின் சரக்கெல்லாம் ஒரே பொதுச் சூளையில்தான் வேகும். யார் புதிதாக என்ன பொம்மை செய்கிறார் என்பது தட்டு அடுக்கும்போதே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதைப் பார்த்து அடுத்தவர் அச்செடுத்தால் டீக்கடையில் தலை காட்ட முடியாது. அங்கே எல்லோரும் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. பேச்சுக்குப் பயந்தவர்கள். ஆய்வகத்தையும் நான் பொதுச் சூளை என்றே நினைத்துவிட்டேன். இங்கே டீக்கடை இல்லை என்பது உறைக்கவில்லை.

ஒரு கருத்தரங்கில் செந்தில் மேடையேறி என் யோசனையைத் தன்னுடையதாகப் பேசினான். எப்படித் தோன்றியது என்று ஒருவர் கேட்டார். எங்கள் ஊரில் மாவாட்டும் கை ஒரே வேகத்தில் சுற்றாது என்றான். கூட்டம் ரசித்தது. அந்த உதாரணமும் என்னுடையதுதான்.

வெளியே வந்ததும் மடக்கினேன்.

"அக்கா, நீங்க வாயாலதான சொன்னீங்க. கட்டுரையா எழுதலியே?" என்றான், குரல்கூட உயராமல்.

எங்கள் ஆய்வகப் பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "அவர் உன் உறவினரா?" என்று கேட்டார்.

"இல்லை. பக்கத்து ஊர்."

"பக்கத்தில் என்றால்?"

"பஸ்ஸில் ஒரு மணி நேரம்."

"அப்படியானால் அந்நியர்தானே? ஏன் சொன்னாய்?" அவர் உண்மையிலேயே குழம்பிப்போனார். கட்டுரை அவன் பெயரில் வந்துவிட்டதால் நான் வேறு புதுமை தேட வேண்டும் என்றார்.

செந்திலுக்கு ஒரு விமான உதிரிபாகக் கம்பெனியில் வேலை கிடைத்தது. விடுப்பில் ஊருக்குப் போனான். நடந்ததை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அம்மா சாப்பிடமாட்டாள்.

போன வாரம் அம்மா வீடியோவில் அழைத்தாள். "யாரு வந்துருக்காங்க பாரு!"

எங்கள் கூடத்தில், நான் எப்போதும் உட்காரும் சுவரோரத்தில், வாழையிலைக்கு முன்னால் செந்தில்.

"நீ இல்லன்னா அங்க தவிச்சிருப்பேன்னு தம்பி சொல்லுது. பேசுடி" என்றாள் அம்மா, பூரித்துப்போய்.

எழுந்து போடா என்று கத்த வாய் திறந்தேன். சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்பும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. "நல்லா சாப்புடு தம்பி" என்றுதான் வந்தது. அவன் தலை நிமிரவில்லை.

அம்மா ரசம் ஊற்றப் போனாள். அங்கே என் இடத்தில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இங்கே ஆய்வகத்தில், அவன் பெயருக்குப் போய்விட்ட என் வேலையின் முன்னால், இயந்திரக் கண்ணாடிக்கு அப்பால் சுழலும் உருளையைப் பார்த்தபடி நான் நின்றிருந்தேன்.