சலவை அறையில் ஒரு தட்டு

தொண்ணூறுகளின் நடுவில் நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் யாரையும் எனக்கு நம்பத் தோன்றாது. அதிலும் என் மகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்ணைச் சுத்தமாக நம்பவில்லை. ஐசலினில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு அடுத்த தெருவில், தன் வீட்டிலேயே டேகேர் நடத்திக்கொண்டிருந்தாள். என்னைவிட ஒரு மாற்றுக் கறுப்பு. ஜன்னலில் கறிவேப்பிலைத் தொட்டி. எந்த ஊர் என்று கேட்டால் இஸ்ரேல் என்றாள். யார் காதில் பூச்சுற்றப் பார்க்கிறாய் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

அப்பாவும் அம்மாவும் கொச்சியிலிருந்து குடிபோன யூதர்கள், தான் பிறந்தது இஸ்ரேலில், கணவர் வேலைக்காக இங்கே வந்தது என்று உடைந்த மலையாளமும் இங்கிலீஷுமாகச் சொன்னாள். என்னைவிட ஏழெட்டு வயது கூட. சேச்சி என்று கூப்பிடச் சொன்னாள். வாசல் நிலையில் சாய்வாக ஒரு சின்னப் பெட்டியை அறைந்திருந்தாள். அதற்குள் அவர்கள் வேத வரிகள் எழுதிய சுருள் இருக்கிறதாம். உள்ளே போகும்போதெல்லாம் அதைத் தொட்டு விரலை முத்தமிடுவாள். மந்திரம் தந்திரம் ஏதாவது இருக்குமோ என்று என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

"உனக்கு எதைப் பாத்தாலும் டவுட்டு. அவங்களை விட்டா காலையில ஏழு மணிக்கே புள்ளைய எடுத்துக்கறதுக்கு யாரு இருக்கா?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். நான் வேலைக்குப் போயாக வேண்டும்.

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. ஒருநாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது, தன் தட்டை எங்கள் தட்டுகளிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் நடந்தாள்.

"எங்கடி போறே?"

"மை ப்ளேட் கோஸ் அவுட்சைட், அம்மா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் டீக்கடையில் அப்பாவுக்குத் தனி கிளாஸ். கூரைக் கீற்றில் செருகியிருக்கும். அவரே எடுத்து நீட்ட வேண்டும், வெளியே குத்தவைத்துக் குடிக்க வேண்டும், அவரே கழுவித் திரும்பச் செருக வேண்டும். அந்தக் கண்றாவி என் பிள்ளைக்குத் தெரியவே கூடாது என்றுதான் இத்தனை தூரம் வந்தேன். இங்கேயுமா!

மறுநாள் ஆபீசுக்கு லேட்டானால் ஆகட்டும் என்று சேச்சி வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டேன். என் பொண்ணு தட்டு எங்கே என்று கேட்டேன். அவள் தயங்கவே இல்லை. வாஷிங் மெஷின் இருக்கும் அறையைக் காட்டினாள். மெஷின் மேல் என் மகளின் தட்டு, கப், ஸ்பூன். அங்கே வரும் மற்ற இரண்டு பிள்ளைகளின் தட்டுகள் சமையலறையில் இருந்தன.

"இது எந்த ஊர் நியாயம்?" என்று கத்தினேன்.

"நீ சிக்கன் குடுத்து அனுப்பறே மோளே. அது எங்க முறைப்படி அறுத்தது இல்லே. அதை என் சின்க்ல கழுவக் கூடாது. மத்த ரெண்டும் நான் சமைக்கறதைத்தான் சாப்பிடுது" என்றாள். அலமாரிகளைத் திறந்து காட்டினாள். பால் பாத்திரங்கள் ஒரு பக்கம், கறிப் பாத்திரங்கள் இன்னொரு பக்கம், சின்க்கும் இரண்டு. அவள் வீட்டுப் பாலே அவள் வீட்டுக் கறியைத் தொடாதாம். ஆக, மூன்று ஜாதிப் பாத்திரங்கள். அதில் வெளியே கிடந்தது என் மகளுடையது.

"உன் வீட்டுச் சாப்பாடு வேண்டாம். நானே சமைச்சு ஊட்டறேன். எங்க தட்டுலயே சாப்பிடட்டும்" என்றாள்.

"இதையேதான் சேச்சி எங்க ஊர்லயும் சொன்னாங்க. நீங்க திங்கறதை விட்டுட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்னு." டீக்கடையைப் பற்றிச் சொன்னேன்.

சேச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொச்சியில் வெள்ளை யூதர்களின் தொழுகைக் கூடத்துக்குள் அவள் அப்பாவுக்கு இடம் கிடையாதாம். வெளியே தரையில் உட்கார்ந்து தொழுதவராம். முன்னோர் மண்ணுக்குப் போய்விட்டால் எல்லாம் தீரும் என்று போயிருக்கிறார். போன இடத்தில் நீ நிஜமாகவே யூதன்தானா என்று கேட்டார்களாம். அங்கே வந்து சேர்ந்த மொராக்கோ யூதர், ஏமன் யூதர், பின்னால் வந்த எத்தியோப்பியாக்காரர், ரஷ்யாக்காரர், இது எங்கள் மண் என்று சொல்லும் பக்கத்து ஊர் அரபுக்காரர் என்று எல்லோரும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்ப்பார்களாம். ஆனாலும் கணவர் வேலை முடிந்ததும் அங்கேயே திரும்பிப் போக வேண்டும் என்றாள்.

"அப்புறம் எதுக்கு அங்கேயே திரும்பிப் போகணும்கறீங்க?"

"அங்கே எவன் என்ன கேட்டாலும் உள்ளே நின்னு சண்டை போடலாம். அப்பாவுக்கு அது போதும்னு இருந்தது. எனக்கும் போதும்."

கதை நன்றாகத்தான் இருந்தது. கதை சொல்லியே என்னை அனுப்பிவிடப் பார்க்கிறாளோ என்றும் இருந்தது. "தட்டு?" என்றேன். நாளைக்குப் பார் என்றாள்.

மறுநாள் மத்தியானம் அவளிடம் சொல்லாமல் போனேன். பக்கவாட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மேசையில் மூன்று பிள்ளைகள், மூவருக்கும் பேப்பர் தட்டு, பேப்பர் கப். நடுவில் என் மகள், வாயெல்லாம் நான் கொடுத்தனுப்பிய சிக்கன் சோறு. சேச்சியும் பேப்பர் தட்டில்தான் சாப்பிட்டாள். அடுத்த வாரமும் அதேபோல் திருட்டுத்தனமாகப் போய்ப் பார்த்தேன். அன்றைக்கும் அப்படியேதான். காருக்குள் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலிங் கார்டு போட்டு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தம்மாவும் பேப்பர் தட்டுலதான் சாப்பிட்டாளா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்ப்பா. ஜன்னல் வழியா நல்லாத் தெரிஞ்சுது."

"வெளிய நின்னா பாத்தே?"

"சொல்லாமப் போனேம்ப்பா."

"ஒருவாட்டி சொல்லிட்டுப் போம்மா" என்றார் அப்பா. "உனக்கும் ஒரு தட்டு வைக்கிறாளான்னு பாரு."