வாசலில் விட்ட தோல் உறை

இதை எழுத எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் உட்கார்ந்து, விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு எழுந்திருக்கிறேன். பூஜை அறைக்கு வெளியே ஆணியில் தொங்கும் தோல் உறை இன்று விடவில்லை.

புனேயில் ஒரு கல்லூரியின் புவியியல் துறையில் அட்டெண்டராக இருந்தேன். பத்தாவது வரைதான் படிப்பு. எங்கள் பேராசிரியர் அம்மா கோயம்புத்தூர்க்காரர். கணினியில் வரைபடம் செய்வதைக் கற்பித்தவர். புனேயிலேயே ஏரவாடாவில் நம் தமிழர்கள் குடியிருக்கும் பகுதியைச் சந்து சந்தாக வரைந்தார். அதைப் பார்த்துத்தான் வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாய் போடுவதாக இருந்தது. நடக்கும் வழியைத் தானே பதியும் ஜி.பி.எஸ். கருவியை இந்த உறையில் போட்டு என் இடுப்பில் கட்டிவிடுவார். நடப்பது என் வேலை.

ஒரு சந்து மாரியம்மன் கோயில் முற்றத்துக்குள் புகுந்துதான் போகும். தோலோடு சந்நிதியில் எப்படி நுழைவது? செருப்போடு உறையையும் வாசலில் வைத்துவிட்டு, கும்பிட்டு, சந்தின் கடைசிவரை நடந்து திரும்பினேன். நடந்தது நான் மட்டுந்தான். கருவி செருப்புக்குக் காவல் இருந்தது. அந்தச் சந்து பதிவாகவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகே புரிந்தது. வெட்கம், பயம். பேசாமல் இருந்துவிட்டேன்.

படம் முடிந்ததும் அதைப் பொதுக் குழாயடியில் மாட்டி, ஒவ்வொருவரையும் தன் வீட்டின்மேல் விரல் வைக்கச் சொல்வது அம்மாவின் வழக்கம். பூக்காரப் பெண் ஒருத்தி தேடித் தேடிப் பார்த்தாள்.

"ஏம்மா, மாரியாத்தா இருக்கா, அவ பின்னாடி இருக்கிற நாங்க எங்க? பதினோரு ஊட்டையும் காக்கா தூக்கினு போச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். "தப்பு என்னுதுங்க. நான் சரிபார்க்காம விட்டுட்டேன்" என்றார்.

மறுநாள் அந்தப் படத்தோடு பதவி உயர்வுக் குழுவின் முன் அவர் நிற்க வேண்டும். படம் முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். துறைத்தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது.

அதன்பின் மறுபடியும் ஏரவாடா போகும் வழியில்தான் உண்மையைச் சொன்னேன். "ஏனுங்கண்ணா, உறையைக் கழட்டி வெச்சுட்டு மிஷினை மட்டும் கையில கொண்டு போயிருக்கலாமல்லங்க?" என்றார். அவ்வளவு சின்ன விஷயம், என் புத்திக்கு எட்டவில்லை. கொஞ்சம் கழித்து, "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். அவர் கோபப்பட்டது அவ்வளவுதான்.

கோயில் வாசலில் அவரும் செருப்பைக் கழற்றினார். கருவியைப் பூத்தட்டு மாதிரி இரு கையிலும் ஏந்திச் சந்தின் கடைசிவரை நடந்தார். "இப்பவாச்சும் படத்துல ஏறிட்டமாம்மா?" என்று பூக்காரப் பெண் பின்னாலேயே வந்தாள்.

பதினோரு வீட்டுக்கும் தண்ணீர் வந்தது. நான் ஓய்வு பெற்ற நாளில் அம்மா இந்த உறையைக் கையில் கொடுத்துச் சிரித்தார். அந்த வரைபடத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், சந்து விடுபட்டது இன்றும் அவருடைய கவனக்குறைவு என்றே இருக்கிறதாம். என் மகள் படித்துச் சொன்னாள்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். எனக்கு இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம். அம்மன் அறிய, இந்த உறையை வாசலில் விட்டவன் நான். வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான்தான்.