நான் லேத்துக்குப் பொருத்திய விளக்கு

"நின்னுக்கிட்டு இருந்துச்சுண்ணே" என்றான் அவன்.

மருத்துவமனைக் கட்டிலில் அவனுடைய வலது கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். கட்டுத்துணிக்குள் கட்டைவிரலும் சிறுவிரலும் மட்டுமே மிஞ்சியிருந்தன. "மூணு பல்லையும் எண்ணலாம், அப்படி நின்னுச்சு. கண்ணால பார்த்துட்டுத்தான் கையை வச்சேன்."

இதையே அவன் முதலாளியிடமும் சொன்னான், விசாரிக்க வந்த அதிகாரியிடமும் சொன்னான், தன் மனைவியிடமும் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அவனுடைய இயந்திரத்துக்கு வெளிச்சம் போட்டுக் கொடுத்தவன் நான் என்பது அந்த வேளையில் என் நினைவுக்கு வரவேயில்லை.

ஜெலுத்தோங்கில், பாசார் எனப்படும் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு பட்டறையில் நாங்கள் இருவரும் கடைசல் வேலை செய்தோம். மீன்பிடிப் படகுகளின் உந்துதண்டுகள் எங்களுக்கு வரும் வேலைகளில் முக்கியமானவை. லேத்து என்பது இரும்புத் தண்டைச் சுழலவிட்டு, உளியால் அதைக் கடைந்தெடுக்கும் இயந்திரம். தண்டை ஒரு முனையில் கவ்விப் பிடித்துக்கொண்டு சுழலும் கனத்த இரும்பு உருளைக்குச் சக்கு என்று பெயர். அதன் முகத்தில் மூன்று பற்கள் உண்டு. ஓடும் சக்கின் அருகே கையைக் கொண்டுபோகக் கூடாது என்பது இத்தொழிலில் முதல் நாளே சொல்லித் தரப்படுவது. அவன் அந்தத் தொழிலில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தவன். என்னைவிடப் பத்து வயது இளையவன்.

அறுபதைக் கடந்த பிறகு என் பார்வை மங்கத் தொடங்கியது. அளவுகோலின் நுண்ணிய கோடுகள் ஒன்றோடொன்று கலந்தன. மாலை வேளைகளில் உளியின் நுனி எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியாமல் போனது. கண் மருத்துவரிடம் போக நான் அஞ்சினேன். அவர் என்ன சொல்வார் என்பதைவிட, அவர் சொன்னது பட்டறைக்குத் தெரிந்தால் என்னை லேத்திலிருந்து இறக்கிவிடுவார்களே என்பதே என் அச்சம்.

ஆதலால் இயந்திரத்துக்கு விளக்கு வைக்கத் தீர்மானித்தேன். என் இயந்திரத்துக்கு மட்டும் வைத்தால் காரணம் கேட்பார்கள். இருட்டில் வேலை செய்வது எல்லோருக்கும் கெடுதல் என்று முதலாளியிடம் எடுத்துச் சொல்லி, இரண்டு லேத்துக்கும் துளையிடும் இயந்திரத்துக்கும் நானே பொருத்துவதாக ஏற்றுக்கொண்டேன். அவர் சீனர், சிக்கனக்காரர். விலை மலிவு என்றதும் சம்மதித்தார்.

இரும்புச் சாமான் கடைக்காரர் எல்இடி பட்டையில் இரண்டு வகை எடுத்துக் காட்டினார்.

"பெட்டி வச்சது வேணுமா, நேரா சொருகுறது வேணுமா?"

"ரெண்டுக்கும் என்னா வித்தியாசம், பாய்?"

"வெளிச்சம் ஒண்ணுதாண்ணே. பெட்டி வச்சது விலை கூட லா. நேரா சொருகுறத தீபாவளிக்கு வாசல்ல தொங்க விடுறாங்க. நல்லாத்தான் எரியுது."

மின்சாரத்தை மாற்றித் தரும் அந்தச் சிறு பெட்டியை இயந்திரத்தில் எங்கே வைத்தாலும் எண்ணெய் தெறிக்கும் என்று எண்ணி, நேராகச் சொருகும் பட்டையையே மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கினேன். பொருத்தும் வேலையை மிகுந்த கவனத்தோடு செய்தேன் என்பதை மட்டும் கூச்சமின்றிச் சொல்வேன். பட்டையை அலுமினியத் தகட்டுக்குள் பதித்து, வெட்டிய முனைகளைப் பசையால் அடைத்து, கம்பிகளைக் குழாய்க்குள் செலுத்தி, தனி சுவிட்சும் வைத்தேன். யாருக்கும் மின்சாரம் தாக்கிவிடக் கூடாது என்பதே அப்போது என் கவலை. வேறோர் ஆபத்து இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவன் தனக்கு விளக்கு வேண்டாம் என்றான்.

"எனக்கு எதுக்குண்ணே? மேல தொங்குற குண்டு பல்ப்பே போதும். கல்யாண வீடு மாதிரி பண்ணிட்டீங்க."

"போட்டுப் பாரு தம்பி. அப்புறம் நீயே கழட்ட விடமாட்டே."

"மாப்பிள்ளை யாரு, நீங்களா?" என்று சிரித்தான். நான் அவனுடைய பழைய குண்டு பல்பைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். புதிய வெளிச்சத்தில் அவனுடைய லேத்து புதிதாக வாங்கியது போல் தெரிந்தது. அவனும் பிறகு அந்த வெளிச்சத்திலேயே வேலை செய்தான்.

ஒன்றை இங்கே நான் மறைக்கக் கூடாது. அந்த வெளிச்சத்தின் கீழ்த் தலையைச் சட்டென்று திருப்பும்போது கண்ணோரத்தில் ஒரு நடுக்கம் தெரிந்தது. உளியை வேகமாக எடுத்தால் ஓர் உளி நான்கைந்து உளிகளாகத் தோன்றி மறைந்தது. அது என் கண்ணின் நோய் என்று முடிவு செய்தேன். நோயைச் சொல்ல விரும்பாததால் நடுக்கத்தையும் சொல்லவில்லை. நல்ல கண்ணுடைய அவனிடம், "உனக்கும் அப்படித் தெரிகிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

விபத்து நடந்தது ஒரு பிற்பகலில். படகுத் தண்டு ஒன்றுக்குக் கடைசி மெருகு ஏற்ற, வழக்கத்தைவிடக் கூடிய வேகத்தில் அவன் சக்கை ஓடவிட்டிருந்தான். வாசல் முழுதும் திறந்திருந்தது. திடீரென்று பெருமழை பிடித்து, காற்று சாரலை உள்ளே அடித்தது. வாசலுக்கு அருகில் இருந்தது அவன் இயந்திரம்தான். அவன் ஓடிப்போய் இரும்புக் கதவை இழுத்து இறக்கினான். பகல் வெளிச்சம் அடங்கிப் பட்டறை இருண்டது. கூரைத் தகரத்தில் மழையும் மூலையில் காற்றழுத்த இயந்திரமும் போட்ட இரைச்சலில் லேத்து ஓடும் ஓசை காதில் விழவில்லை. அவன் திரும்பி வந்து, கந்தைத் துணியை எடுத்துத் தண்டைத் துடைக்கக் கை நீட்டினான். நான் பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டி நின்றிருந்தேன். அவன் அலறவில்லை. ஏதோ கனமான மூட்டை விழுந்தது போன்ற ஓசைதான் கேட்டது.

கதவை இறக்கப் போனவன் இயந்திரத்தை நிறுத்தாமல் போயிருக்கிறான், திரும்பி வந்து பாராமல் கை வைத்திருக்கிறான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். துளையிடும் இயந்திரத்தில் வேலை செய்தவர் வாய்த்துடுக்குள்ள மனிதர். கோப்பிக் கடையில் பலர் முன்னிலையில், "நின்ன சக்கு எப்படிண்ணே கையைப் புடிக்கும்? அதுக்குள்ள பேய் பூந்துச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்றாலும், சிரித்தவர்களை மறுத்துப் பேசவும் இல்லை.

அவன் வீடு திரும்பிய பிறகு வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். புண் ஆறியது. ஆனால் அவன் மனைவி ஒரு நாள் என்னை மின்தூக்கி வரை வழியனுப்ப வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"கை போனதுகூடப் பரவால்லண்ணே. அவரு ரோட்டைத் தாண்ட மாட்டேங்குறாரு. பாசாருக்குக் கூட்டிட்டுப் போனேன். செவப்பு லைட்டு விழுந்து பஸ்ஸு நிக்குது. நிக்குதுங்க, வாங்கன்னு இழுக்குறேன். 'உனக்குத் தெரியுமா நிக்குதுன்னு?'ன்னு கேக்குறாரு. பஸ்ஸு போயி, அடுத்த பஸ்ஸும் வந்து போயிடுச்சு. அங்கயே நிக்கிறாரு. என் கண்ணு என்னை ஏமாத்துது, மூளை கொழம்பிப்போச்சுன்னு அவரே சொல்றாரு."

அன்று அதற்கு நான் ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டு இறங்கிப் போனேன்.

அவன் விட்டுச் சென்ற தண்டுகளை முடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவனுடைய லேத்தில், அவன் வைத்திருந்த அதே வேகத்தில் மெருகு ஏற்றிக்கொண்டிருந்தேன். அன்றும் மழை வந்தது. யாரோ கதவை இறக்கினார்கள். பகல் வெளிச்சம் அற்றுப்போய், நான் பொருத்திய பட்டையின் வெளிச்சம் மட்டுமே இயந்திரத்தின்மேல் இருந்தது.

சக்கு நின்றது.

மெல்ல வேகம் குறைந்து நிற்கவில்லை. மூன்று பற்களும் தத்தம் இடத்தில் அசையாமல் இருந்தன. ஒரு பல்லின் ஓரத்தில் பல ஆண்டுகளாக இருந்த சிறு உடைசலைக்கூட மங்கிய என் கண் கண்டது. நான் நிறுத்தாமல் எப்படி நின்றது என்று எண்ணியபடியே கந்தைத் துணியை எடுத்தேன். என் கை பாதி தூரம் போய்விட்டது. இடது கை இயந்திரத்தின் உடம்பில் ஊன்றியிருந்ததால் என் விரல்கள் பிழைத்தன. அந்த உள்ளங்கையில் அதிர்வு தெரிந்தது.

சுவரோரம் இருந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, அசையாமல் நின்ற அந்தப் பல்லை நோக்கி நீட்டினேன். ஈர்க்கு முறிந்து பறந்தது. கைப்பேசியின் விளக்கை எரியவிட்டு, பட்டையின் சுவிட்சை அணைத்தேன். மூன்று பற்களும் மறைந்து, சாம்பல் நிற வட்டம் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. மீண்டும் பட்டையைப் போட்டேன். மீண்டும் நின்றது.

நான் முறையாகப் படித்தவன் அல்லன். எனினும் நெடுநேரம் நின்று பார்த்ததில் எனக்கு விளங்கியது. பெட்டி இல்லாத அந்த மலிவான பட்டை இடைவிடாமல் எரிவதில்லை. கண் உணர முடியாத வேகத்தில் எரிந்து எரிந்து அணைகிறது. ஒவ்வொரு முறை எரியும்போதும், முந்தைய பல் இருந்த இடத்துக்கு அடுத்த பல் சரியாக வந்து சேரும்படி ஒரு வேகம் அமைந்துவிட்டால், ஓடும் சக்கு நிற்பதாகவே கண் நம்பும். பகல் வெளிச்சம் கலந்திருந்தவரை அந்த மாயம் வெளிப்படவில்லை. பழைய குண்டு பல்பு இருந்திருந்தால் வெளிப்பட்டே இராது. நான் கண்ணோரத்தில் கண்ட நடுக்கம் என் நோயும் அன்று.

அவன் மெய்யாகவே பார்த்துவிட்டுத்தான் கை வைத்திருக்கிறான்.

அன்று மாலையே மூன்று பட்டைகளையும் கழற்றினேன். எண்ணெய் பட்டுக் கெட்டுவிட்டன என்று முதலாளியிடம் பொய் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனிடம் போய்ச் சொல்வதாக எனக்கு நானே வாக்களித்தேன். அந்த ஞாயிறு போனது. விளக்கைப் பற்றிச் சொன்னால் விளக்கு ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணைப் பற்றிச் சொன்னால் லேத்தை விட வேண்டும். இவ்வாறு ஆறு ஞாயிறுகள் கழிந்தன. அவற்றுள் இரண்டில் அவன் வீட்டுக்கே போய், அவன் எதிரில் அமர்ந்து, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஏழாம் ஞாயிற்றுக்கிழமை பட்டைகளில் ஒன்றை அலுமினியத் தகட்டிலிருந்து உரித்து, ஒரு துணிப்பையில் சுற்றி எடுத்துப் போனேன். அவன் வீட்டு மேசை மின்விசிறியை அவன் முன் வைத்து, சன்னல்களைச் சாத்தி, திரைகளை இழுத்துவிட்டேன்.

"என்னாண்ணே, படம் காட்டப் போறீங்களா?" என்றான். விபத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் கேலி அது.

பட்டையைச் சொருகினேன். விசிறியை முதல் வேகத்தில் விட்டேன். இறக்கைகள் மெல்லப் பின்னோக்கி நகர்வது போல் தெரிந்தன. இரண்டாம் வேகத்துக்கு மாற்றினேன். மூன்று இறக்கைகளும் நின்றன. அவன் நெற்றி முடி காற்றில் பறந்துகொண்டிருந்தது.

அவன் இறக்கைகளையே பார்த்தான். பிறகு மிஞ்சிய இரு விரல்களையும் விசிறிக்கு முன்னால் பிடித்து, காற்று வருகிறதா என்று பார்த்தான். மனைவியைக் கூப்பிட்டான்.

"இங்க வா. ஓடுதா, நிக்குதா, சொல்லு."

"நிக்குது" என்றாள் அவள். பிறகு அவளுடைய முகத்திலும் காற்றுப் பட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைப் பற்றி, கடையில் கேட்ட இரண்டு வகைகளைப் பற்றி, நடுக்கத்தைப் பற்றி, முறிந்த ஈர்க்கைப் பற்றி. நான் முடித்த பிறகு அவன், "அப்ப நான் பார்த்தது சரிதான்" என்றான்.

"சரிதான், தம்பி."

"எப்பண்ணே தெரிஞ்சுச்சு உங்களுக்கு?"

பொய் சொல்ல இடம் இருந்தது. ஆனாலும், "ஆறு வாரம் இருக்கும்" என்றேன்.

அவன் விசிறியை நிறுத்தினான். இறக்கைகள் உண்மையாகவே நிற்கும் வரை காத்திருந்து, பட்டையை இடது கையால் பிடுங்கி, அழகாகச் சுருட்டி, என் மடியில் வைத்தான்.

"ஆறு வாரமா என்னைப் பைத்தியம்னு நானே நெனச்சுக்கிட்டு இருந்தேண்ணே. நீங்க ரெண்டு தடவ வந்து டீ குடிச்சீங்க." அவன் குரல் உயரவில்லை. "போய் அவங்ககிட்டச் சொல்லுங்க. சிரிச்சாங்கல்ல, அவங்க எல்லார்கிட்டயும்."

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் முதலாளி, துளையிடுபவர் உட்பட எல்லோரையும் அந்த லேத்தைச் சுற்றி நிற்க வைத்து, கதவை இறக்கி, சக்கை அதே வேகத்தில் ஓடவிட்டு, பட்டையைப் பிடித்துக் காட்டினேன். நீட்டிய ஈர்க்கு முறிந்து பறந்தது. பேய் பூந்ததா என்று கேட்டவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். விளக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதையும் சொன்னேன். முதலாளி என்னைக் கண் மருத்துவரிடம் அனுப்பினார். கண்ணில் புரை முற்றியிருந்தது. சின்னச் சிகிச்சைதான், இரண்டாண்டுக்கு முன்பே வந்திருக்கலாமே என்றார் மருத்துவர். நான் மீண்டும் லேத்தில் நிற்கவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை, நானே இறங்கிக்கொண்டேன்.

சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பாசாருக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். சாலைக்கு அப்பால் அவன் நின்றான். இடது கையில் காய்கறிப் பை. சிவப்பு விளக்கு விழுந்தது. ஒரு பேருந்து வந்து கோட்டருகே நின்றது. அவன் அதன் சக்கரத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு இறங்கி, அவசரமின்றிச் சாலையைக் கடந்து, இந்தப் பக்கம் வந்து சேர்ந்தான். என்னை அவன் கண்டான். இருவருக்கும் இடையில் பத்தடிகூட இல்லை, இப்போது என் கண்ணும் தெளிவாகத் தெரிகிறது.

நான் கையை உயர்த்தினேன். அவன் பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, தன் அடுக்குமாடி இருந்த பக்கம் நடந்து போனான்.